பெட்டிபாஸ் பார்த்த படகு

தேயிலை மலையில் பாய்மரப் படகு விற்கக் கிளம்பிய ஆள் அநேகமாக ஹிஷாம் ஒருவனாகத்தான் இருப்பான். நோர்வூட்டில் பழைய சாமான் கடை வைத்திருப்பவன். நீர்த்தேக்கத்தின் கரையில் இருந்த பழைய துரை பங்களா கைமாறியபோது, உள்ளே கிடந்த கட்டில், அலமாரி, சுவர்க் கடிகாரம், கால் உடைந்த பியானோ எல்லாவற்றையும் மொத்தமாக விலை பேசி லொறியில் அள்ளிக்கொண்டு வந்தான். எல்லாம் போய்விட்டது. பியானோவைக்கூட லிந்துலையில் ஒரு ஹோட்டல்காரர் அழகுக்கு வைக்க வாங்கிக்கொண்டார். மிஞ்சியது பங்களாவின் கரைக் கொட்டகையில் கிடந்த படகு ஒன்றுதான். தண்ணீரைக் கண்டால் இந்தப் பக்கத்து ஆட்கள் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள், மிஞ்சிப் போனால் தூண்டில் போடுவார்கள். பாய் கட்டிக்கொண்டு உலாத்த அவர்களுக்கு என்ன தலையெழுத்தா?

ஆகையால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டேம் கரைக் கொட்டகையின் பூட்டைத் திறந்தபோது ஹிஷாமுக்குக் கால் தரையில் பாவவில்லை. வருஷக் கடைசிக்குள் கொட்டகையைக் காலி பண்ண வேண்டும் என்று பங்களாவின் புதுச் சொந்தக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. இந்த நேரம் பார்த்துத் தானாகப் போன் எடுத்து, "அந்தப் படகு இன்னும் இருக்குங்களா?" என்று கேட்ட புண்ணியவானை ரோட்டு வரைக்கும் போய்க் கூட்டிக்கொண்டு வந்தான்.

புண்ணியவானின் பெயர் அழகுமுத்து. வயது ஐம்பத்தாறு. டேமுக்கு அக்கரையில் இருக்கிற தோட்டத்தில் தச்சுவேலை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கதவு, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஜன்னல், ஃபேக்டரி ஏணி எல்லாம் அவர் கைவேலை. தச்சரை இங்கே பாஸ் என்பார்கள். ஆனாலும் தோட்டம் முழுக்க அவரைக் கூப்பிடுவது பெட்டிபாஸ் என்றுதான். யாராவது இறந்தால் தோட்டத்து ஆபீசில் பலகைக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பலகையை வாங்கிச் சவப்பெட்டி அடிப்பது முப்பது வருஷமாக அவர். அவர் அடித்த பெட்டி வந்து போகாத வாசல் அந்தத் தோட்டத்தில் இல்லை. ஹிஷாமுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. அவர் ஒரு பாஸ் என்பதும், பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற வீரம்மா அவர் சம்சாரம் என்பதும் மட்டும் தெரிந்தது.

மீன் பிடிக்கப் படகு வேண்டும் என்று அழகுமுத்து போனில் சொல்லியிருந்தார். அது பொய். அவருக்குப் படகு வேண்டியது மகனைத் தேடுவதற்கு.

மகன் பிரதாப். இருபத்திரண்டு வயது. மூன்று வருஷமாகக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றான். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன், மறுநாள் சிநேகிதன் சின்னராசாவோடு டேமுக்குக் குளிக்கப் போனான். நாலு பிளாஸ்டிக் பீப்பாயைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் ஏறி நடுத்தண்ணீருக்குப் போயிருக்கிறார்கள். கயிறு அவிழ்ந்தது. பீப்பாய் நாலும் நாலு திசைக்குப் போயிற்று. சின்னராசா ஒன்றைக் கட்டிப் பிடித்துக் கரையேறினான். பிரதாப் ஏறவில்லை.

நேவிக்காரர்கள் வந்து ஐந்து நாள் முங்கித் தேடினார்கள். அடியில் சேறும் பழைய மரக்கட்டையும், நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாத இருட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டேமில் மீன் பிடிக்கும் சிங்கள ஆட்கள் இரண்டு வாரம் தங்கள் தோணியில் அழகுமுத்துவை ஏற்றிக்கொண்டு சுற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிணம் கிடக்கிற தண்ணீர் என்று பேச்சு கிளம்பி, அவர்கள் பிடித்த மீனை ஒருவரும் வாங்காமல் போனபிறகு, கைகூப்பி மன்னிப்புக் கேட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அழகுமுத்து தானே ஒரு தோணி செய்து பார்த்தார். பலகையை வளைக்க அவருக்குத் தெரியாது. எப்படிச் செய்தாலும் கடைசியில் பெட்டிதான் வந்தது. முழங்கால் தண்ணீரிலேயே அது புரண்டு படுத்தது.

இன்றைக்கு நாற்பத்து மூன்றாம் நாள். உடல் இல்லாததால் ஆபீசில் துண்டு இல்லை, பெட்டி இல்லை, குழி இல்லை, பதினாறாம் நாள் காரியம் இல்லை. ஊருக்கெல்லாம் பெட்டி அடித்த மனிதனுக்குத் தன் பிள்ளைக்கு ஒன்று அடிக்க வழியில்லாமல் போய்விட்டது. பிள்ளை உயிரோடு கிடைப்பான் என்ற ஆசையெல்லாம் அவருக்கு அடங்கி வெகுநாளாயிற்று. மண்ணுக்குள் வைக்க எதையாவது எடுத்துவிட வேண்டும். ஓர் எலும்பானாலும் சரி.

வீரம்மா இதில் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பிரதாப் முங்கியதைக் கண்ணால் பார்த்தேன் என்றுதான் சின்னராசா முதல்நாள் சொன்னான். அவள் மார்பில் அடித்துக்கொண்டு விழுந்து புரண்டதைக் கண்டு மனசு பொறுக்காமல், நாலாம் நாள், "அந்தக் கரைப்பக்கம் யாரோ ஏறுன மாதிரியும் இருந்திச்சு பெரியம்மா" என்று சொல்லி வைத்தான். இரக்கப்பட்டு விட்ட அந்த ஒரு வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தீபாவளியன்று அப்பனும் மகனும் வாய்ச்சண்டை போட்டது நிஜம்தானே? பிள்ளை கோபித்துக்கொண்டு எங்கோ போயிருக்கிறான், கோபம் ஆறினால் வருவான். 'காணவில்லை' என்று படம் போட்டு நோட்டீஸ் அடித்து, டிக்கோயாவிலிருந்து லிந்துலை வரைக்கும் தானே பசைவாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஒட்டினாள். அவளுக்கு இந்தப் படகை வாங்குவதும், பிள்ளை செத்தான் என்று கைநாட்டு வைப்பதும் ஒன்று. நானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்று இன்றைக்கு வந்ததே, படகில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான். அழகுமுத்துவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்து மூன்று நாளாக வீட்டில் யாரோடும் சண்டைபோட அவருக்குத் தெம்பில்லை.

"பாத்துக்கங்க பாஸண்ணே," என்றான் ஹிஷாம். "தொரமார் காலத்துச் சாமான். இப்ப இப்படி ஒண்ணு செய்ய ஆள் ஈக்கா? செல்லுங்க பாப்பம்."

பதினான்கு அடிப் படகு, இரண்டு கட்டைமேல் குப்புறக் கிடந்தது. வெள்ளைப் பெயின்ட் வாசம் மூக்கைத் துளைத்தது. புதுப் பெயின்ட் என்றால் அதன் கீழே எதையோ பூசி மெழுகியிருக்கிறார்கள் என்பது தச்சுவேலைக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அழகுமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டு, முன்மூக்கில் ஆரம்பித்து மடக்கிய விரல் முட்டியால் தட்டிக்கொண்டே பின்பக்கம் நடந்தார். டொக், டொக் என்று பலகை நல்லபடியாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தது. நடுவில், படகின் வயிற்றைப் பிளந்து ஒரு நீட்டுத் துவாரம் இருந்தது. பாய் விரிக்கும்போது படகு சரியாமல் இருக்க அதன் வழியாக ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்களாம்; அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறாமல் உட்பக்கம் சுற்றிலும் பலகை அடைத்திருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் சத்தம் தொப்பென்று அடங்கிப்போயிற்று.

அவர் நின்றார். பேனாக்கத்தியை எடுத்து நுனியை மெதுவாக வைத்தார். அவித்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குவதுபோல இறங்கியது. கத்தியை உருவிவிட்டு, அந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார்.

"என்னாங்க? உள்ள போகுதா?" வீரம்மாவின் குரல் முதுகுக்குப் பின்னாலேயே கேட்டது.

"பெயின்ட்டு இன்னும் காயல. அதான்."

முப்பது வருஷத்தில் மரத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது. சொன்னதும் காது சுட்டது. ஒரு பலகை ஆகாது என்றால் துரை முகத்துக்கு நேராகவே ஆகாது என்று சொன்ன மனுஷன். ஆனால் இந்த ஒரு படகை விட்டால் மலையில் வேறு படகு ஏது? தோணியில் ஒரு பக்கம் சாய்ந்தாலே புரண்டுவிடும். இது அகலமான படகு. குனிந்து தேடலாம், தூக்கி உள்ளே போடலாம். இத்துப்போன இடம் ஒன்றுதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த பலகையைத் தட்டினார்.

ஹிஷாம் ஒரு கோணிப்பையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து பாயை உதறினான். கூடவே எலி கட்டிய ஒரு கூடும் இரண்டு சிறங்கை பஞ்சும் விழுந்தன. பாயின் நடுவில் ஆள் நுழைந்து போகிற அளவுக்கு ஒரு கிழிசல்.

"இதக் கட்டிக்கிட்டுப் போனா காத்து இந்தப் பக்கமா வந்து அந்தப் பக்கமா போயிரும்," என்றாள் வீரம்மா.

"ஒரு தையல் போட்டா சரிக்கா. டிக்கோயால என்ட மச்சான் டெய்லர்தான். ஓட்டுறதுக்கும் பயப்பட வாணாம். யூடியூப்ல வீடியோ ஈக்குது, நானே பாத்தேன். பாயக் கட்டிட்டு நம்ம சும்மா உக்காந்தா போதும். காத்து தள்ளிட்டுப் போகும்."

"காத்து தள்ளிட்டுப் போகும். திரும்ப யாரு கூட்டிட்டு வருவா? அதுக்கும் வீடியோ இருக்கா?" என்றாள் அவள்.

ஹிஷாம் பாயைச் சுருட்டிக் கோணிப்பைக்குள் திணித்தான். அழகுமுத்து பாய்மரத்தை உருட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் உளுத்திருந்தாலும் நேரான மரம். சுக்கானை ஆட்டிப் பார்த்தார். பித்தளைக் கீல் பச்சை பூத்திருந்தது, ஆனால் பிடித்திருந்தது. துடுப்பு இரண்டில் ஒன்று விரிசல். அவருக்குப் பாய் வேண்டாம், துடுப்புதான் வேண்டும். தினமும் நாலு மணிக்கு வேலை விட்டு வந்து, பொழுது சாயும் மட்டும் ஒரு மூலை. ஞாயிற்றுக்கிழமை முழு நாளும். டேமை அப்படியே துண்டு துண்டாகப் பிரித்துத் தேடினால் தை முடிவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"மொதலாளி," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஒரு பக்கமா சாஞ்சு, தண்ணியில இருந்து பாரமா ஒண்ணத் தூக்குனா கவுந்துராதே?"

"எத்தன பாரம்?"

"ஒரு அறுவது, அறுவத்தஞ்சு கிலோ வரும்."

ஹிஷாம் வாய்விட்டுச் சிரித்தான். "அல்லாவே! அப்படி மீனெல்லாம் இந்த டேம்ல ஈக்குதா? அப்படின்னா கடைய மூடிட்டு நானும் உங்களோட வந்துர்றேன் பாஸண்ணே!"

அழகுமுத்துவும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார். சிரிக்காவிட்டால் சந்தேகம் வரும். வீரம்மா சிரிக்கவில்லை. முக்காட்டின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு அக்கரை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீரில் இறக்கிப் பார்த்துவிடலாம் என்றார் அழகுமுத்து. மூன்று பேருமாகப் படகைப் புரட்டி, உருட்டுக்கட்டை போட்டுத் தள்ளினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. படகு மண்ணை விட்டு வழுக்கித் தண்ணீரில் மிதந்து, கட்டியிருந்த கயிற்றை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு அடங்கி நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த ஒரு நிமிஷம் அழகுமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்தது. தேட முடியும் என்று தோன்றிவிட்டது.

பிறகு அந்தத் துவாரத்தின் ஓரமாக ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. கோடு தடித்தது. சாம்பல் நிறப் பசை ஒரு விரல் நீளத்துக்குப் பெயர்ந்து வந்து மிதந்தது. கொஞ்ச நேரத்தில் படகின் தரையில் ஒரு செம்புத் தண்ணீர் தேங்கிவிட்டது.

"மரம் காஞ்சி ஈக்குது," என்றான் ஹிஷாம் அவசரமாக. "ரெண்டு நாள் தண்ணியில கெடந்தா ஊறி, விரிஞ்சி, தானா அடச்சிக்கும்."

காய்ந்த மரம் என்றால் அது சரிதான். இத்துப்போன மரம் ஊறினால் கரையும். "ஆமா, அடச்சிக்கும்," என்றார் அழகுமுத்து.

வீரம்மாவின் முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு தெளிச்சி. "பாத்தீங்கல்ல? ஒழுகுது. கண்ணால பாத்தாச்சு. வாங்க போவோம், பதினொரு மணி பஸ் போயிரும். மொதலாளி, கோவிச்சுக்காதீங்க, எங்களுக்கு வேணாம்."

அழகுமுத்து அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினார். துவாரத்துக்குப் பின்னால், ஈரத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். சட்டைப்பையில் கையை விட்டு ஒரு சணல் கயிற்றை எடுத்தார்.

தோட்டத்தில் சாவு விழுந்தால் முதலில் வருவது அந்தச் சணல்தான். தலையிலிருந்து குதிகால் வரை பிடித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுக்கொண்டு போவார். அந்த முடிச்சுக்கு முடிச்சு பெட்டியின் நீளம். பெட்டி முடிந்ததும் சணலைக் கால்மாட்டில் போட்டு மூடிவிடுவார். உயிரோடு இருக்கிற ஆளுக்குப் பிடிக்கவே மாட்டார். விளையாட்டுக்குக் கேட்டால்கூட அடிக்க வருவார். அது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

படகின் தரையில் அந்தச் சணலை நீட்டினார். ஒரு முடிச்சைத் துவாரத்தின் ஓரத்தில் வைத்து, மற்றதைப் பின்பலகை வரைக்கும் இழுத்தார். நீட்டி நிமிர்ந்து படுக்க இடம் இருக்கிறதா? அதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. முப்பது வருஷத்தில் ஒருவரையும் அவர் கால் மடக்கி வைத்ததில்லை. பக்கத்தில் ஆள் நிற்பதே மறந்து போயிருந்தது. கை தன்பாட்டில் வேலை பார்த்தது.

தண்ணீர் சலசலத்தது. வீரம்மா சேலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"யாரு அளவு அது?" என்றாள், தணிந்த குரலில்.

அவர் சணலின் முடிச்சை விரலால் மூடிக்கொண்டார்.

"யாரு அளவுன்னு கேக்குறேன்ல?"

"நம்ம புள்ளைக்குத்தான். என் ஒசரத்துக்கு வெட்டுனேன். அவனும் நானும் ஒரே ஒசரந்தானே."

வீரம்மா சணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூறல் அவள் முகத்தில் வழிந்தது.

"தீவாளி அன்னைக்கு அவனுக்கு எண்ண வைக்க என் கை எட்டல," என்றாள். "குனிடான்னு சொல்லித்தான் வச்சேன். உங்களுக்கு மேல நாலு வெரக்கட ஒசரம் எம்புள்ள. பெத்த அப்பனுக்கு இதுகூடத் தெரியல." கையை நீட்டி, முடிச்சுக்கு அப்பால் தன் நாலு விரலையும் படகின் தரையில் அழுத்தி வைத்தாள். "இது வரைக்கும் வரும். இது வரைக்கும் எடம் வேணும்."

இதற்காகத்தான் அவர் நாற்பத்து மூன்று நாளாகக் காத்திருந்தார். அவள் ஒப்புக்கொண்டால் போதும், பாதிப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தார். ஒன்றும் இறங்கவில்லை. வீட்டில் ஒருத்தியிடமாவது பிள்ளை உயிரோடு இருந்தான். இப்போது அங்கேயும் செத்துப்போனான். அழகுமுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிள்ளை போனதற்குப் பிறகு அவர் அழுதது அன்றைக்குத்தான்.

கரையில் நின்ற ஹிஷாம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வியாபாரத்தில் கெட்டிக்காரன், இதைப் புரிந்துகொள்ள அவனுக்கு நேரம் பிடித்தது.

"அக்கா," என்றான் மெதுவாக. "செவப்பு டீசேட் போட்ட பொடியன்... நோட்டீஸ் என்ட கடச் சுவத்துலயும் ஈக்குது. அது உங்கட மகனா?"

வீரம்மா தலையை ஆட்டினாள்.

அவன் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உதட்டுக்குள் எதையோ ஓதினான். அவர்கள் வழக்கத்தில் மய்யித்தை, இறந்தவர் உடலை, ஒருநாள் அடக்காமல் வைத்திருப்பதே அதிகம். நாற்பத்து மூன்று நாள் என்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். ஒரு நாளைக்கு வெறும் வியாபாரியாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"இத எடுக்காதீங்கண்ணே," என்றான். "வல்லாஹி, சத்தியமா இது ஆகாது. நடுவால இத்துப்போச்சி. போன கெழம நான்தான் பச வச்சி அடச்சி, மேலால பெயின்ட் அடிச்சேன். ஏப்ரல்ல பங்களாவுக்கு வந்த ரெண்டு வெள்ளக்காரங்க இதுல ஏறினாங்க. நூறு அடி போகல்ல, நெறஞ்சிட்டு. அவங்க நீந்தி வந்தாங்க."

"தெரியும் மொதலாளி."

"என்னத்தத் தெரியும்?"

"இத்துப்போனது. அந்த எடத்தத் தட்டுனப்பவே தெரிஞ்சிருச்சு. பலக தெரியாதவனா நானு?"

"தெரிஞ்சிமா எடுக்க வந்தீங்க? நீந்துவீங்களா?"

அழகுமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் வயதில் அந்தத் தோட்டத்தில் நீந்தத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. தேயிலைக்குள் பிறந்து தேயிலைக்குள் வளர்ந்தவர்களுக்கு நீச்சல் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பிள்ளைகளுக்கும் அதே கதிதான்.

"நான் விக்க மாட்டேன்," என்றான் ஹிஷாம். "நீங்களும் போய்ட்டா நான் அல்லாஹ்வுக்குப் பதில் செல்லணும். விறகுக்கு வெட்டிப் போட்டாலும் போடுவேன், உங்களுக்குத் தரமாட்டேன்."

அப்போதுதான் வீரம்மா படகுக்குள் ஏறினாள். யாரும் எதிர்பார்க்கவில்லை. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, பின்பலகையடியில் கிடந்த காலிப் பெயின்ட் டின்னை எடுத்தாள்.

"ஒழுகுனா என்னா மொதலாளி? ஒழுகட்டும். நான் மொண்டு ஊத்துறேன். அவரு தண்ணியப் பாக்கட்டும். நாப்பது வருசமா மலையில கொழுந்து எடுத்த கை இது, ஓயாது." குனிந்து ஒரு டின் மொண்டு வெளியே வீசினாள். "நீங்க குடுக்குறதக் குடுங்க. அப்பறம் எங்க பாடு."

"வீரம்மா, எறங்கு," என்றார் அழகுமுத்து.

"நீங்க தச்சன்தானே? ஒரு பலகையப் போட்டு அடிங்களேன். ஊருக்கெல்லாம் அடிச்சீங்க."

"அடிக்கட்டையே போச்சு புள்ள. எல்லாப் பலகையும் அதுலதான் நிக்குது. எங்க ஆணி அடிச்சாலும் பிடிக்காது." அவர் அவள் கையைப் பிடித்தார். "நான் ஒத்தையா போலாம்னுதான் இருந்தேன். போனா போகுதுன்னு. ஒன்னையும் ஏத்திக்கிட்டு என்னால முடியாது."

அதைச் சொன்ன பிறகுதான், தான் என்ன நினைத்துக்கொண்டு இங்கே வந்தார் என்பது அவருக்கே விளங்கியது. வீரம்மாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஒரு விநாடி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கையை உதறிவிட்டு மறுபடியும் குனிந்தாள்.

அழகுமுத்து படகை விட்டு இறங்கினார். தண்ணீர் அவருக்கு முழங்காலளவு இருந்தது. மேலே ரோட்டில் பதினொரு மணி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. ஹிஷாம் எழுந்து வந்து கயிற்றைக் கட்டையிலிருந்து அவிழ்த்து, அவர் கையில் கொடுத்தான்.

வீரம்மாவின் கை நிற்கவில்லை. ஒரு டின், இன்னொரு டின். பழக்கப்பட்ட கை, கணக்காகப் போய் வந்தது. அவள் ஒரு டின் வீசுவதற்குள் ஒன்றரை டின் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் கால்விரல்கள் முங்கி, மெட்டி முங்கி, தண்ணீர் கணுக்காலில் ஏறிவிட்டது.

"கொறையுது," என்றாள் நிமிராமல். "பாருங்க, கொறையுது. ஏறுங்க."

அவர் பார்த்தார். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். ஹிஷாம் பின்னால் போய்ப் படகின் விளிம்பில் தோளைக் கொடுத்தான். பாரமேறிய படகு மெல்ல அசைந்தது.

"ஆ, நகருது!" வீரம்மா குனிந்தபடியே வேகவேகமாக மொண்டு வீசினாள். "போகுதுங்க, போகுது. நீங்க என்னையப் பாக்காதீங்க. தண்ணியப் பாருங்க, நல்லா உத்துப் பாருங்க."

"பாக்குறேன்," என்றார் அழகுமுத்து. கரையைப் பார்த்து நடந்து, அவர் படகை மண்ணுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.